காரணம் எழுதும் கட்டம்

தீக்காயத்தில் இரண்டு சாதி உண்டு. எங்கள் ஆஸ்பத்திரியில் நாங்கள் சாதி பார்த்தது அதில் மட்டும்தான். மண்ணெண்ணெயில் வெந்த இடம் ஆறிய பிறகு தோல் இழுத்துக்கொண்டு மினுமினுப்பாக இருக்கும். வெளுத்திருக்கும், ஆனால் சுத்தமாக இருக்கும். வெடிமருந்தில் வெந்தது அப்படி இல்லை. வெடிக்கிற வேகத்தில் கரித்துகள் தோலுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் இரண்டு நாளுக்குள் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஊசி முனையால் எடுத்தால் கொஞ்சம் வரும். மிச்சம் வராது. மிளகைப் பொடித்துத் தூவியது மாதிரி ஆயுசுக்கும் அங்கேயே கிடக்கும்.

இதை எனக்குத் தெரியவைத்தது படிப்பு இல்லை, பழக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே கம்பவுண்டராக இருந்தேன். ஆமத்தூரில் எங்களுக்குக் கரிசல் நிலம் உண்டு, பருத்தி போடுவோம். நாலு அண்ணன்மாருக்குப் பிறகு என் பங்குக்கு வரப்பு மட்டும்தான் மிஞ்சும் என்று தெரிந்ததும் மிக்சர் கலக்கப் போய்விட்டேன். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் வேதக்காரர்கள் நடத்திய ஆஸ்பத்திரி அது. நெற்றியில் திருநீறோடு வேலைக்குப் போன ஒரே ஆள் நான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் வேலையாட்கள் எல்லோரும் வரவேண்டும் என்று விதி. நான் பின்சுவரில் சாய்ந்து நின்றுகொள்வேன்.

அப்படி நின்றுதான் ஒரு காரியத்தைப் பதினாறு வருஷம் பார்த்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து நடக்கும். எல்லோரும் வரிசையாக எழுந்து முன்னால் போய், முழங்காலிட்டு, அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். எங்கள் தலைமை நர்ஸ் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார். பக்கத்தில் இருப்பவர்கள் அவர் முழங்காலைத் தாண்டிக்கொண்டுதான் போகவேண்டும். அவரோ பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருப்பார்.

சபையில் வாய் சும்மா இருக்குமா? கல்யாணம் ஆகாத பொம்பளை, என்ன பாவமோ என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். ஒரு கதையில் நான்கூட வந்தேன் என்று என் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரியும். அதற்குப் பின்னால் நடந்த சங்கதி தெரிந்த ஆட்கள் மூன்று பேர்தான். நர்சம்மா, நான், இன்னொருத்தர். அந்த இன்னொருத்தர் சட்டைக் கையை எப்போதும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார்.

அது யுத்த சமயம். வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று பாதி ஊரும், அவன் எங்கே போவான் என்று மீதி ஊரும் பேசிக்கொண்டிருந்த காலம். இத்தனை வெடிக் கம்பெனிகள் அப்போது கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ்களும், கோயில் திருவிழாவுக்கு வாணம் கட்டுகிற பட்டறைகளும்தான். பக்கத்து ஊர்த் தபால் ஆபீசுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். ஓடினவர்களில் ஒருவனுக்குக் கையில் நெருப்புப் பிடித்ததைக் காவல்காரன் பார்த்திருக்கிறான். கையில் தீக்காயத்தோடு எவன் வந்தாலும் சொல்லவேண்டும் என்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் உத்தரவு வந்தது. அதற்கு முன்பு பிடிபட்ட ஒருவனைச் சந்தைக்கிழமை பார்த்து, சந்தை நடுவிலேயே கட்டிவைத்துச் சவுக்கால் அடித்திருந்தார்கள். அவன் பிறகு நிமிர்ந்து நடக்கவே இல்லை.

உத்தரவு வந்த மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும். இடது கையை வாழையிலையில் சுற்றியிருந்தான். இலையைப் பிரித்ததும் மண்ணெண்ணெய் வாடை அறை முழுக்கப் பரவியது. நர்சம்மாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. "எப்படிப் பட்டுச்சு?" என்று கேட்டார்.

"வாணப் பட்டறையில, அக்கா."

"எந்தப் பட்டறை?"

அவன் பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

எங்கள் பதிவேட்டில் தீக்காயத்துக்கென்று தனியாக ஒரு கட்டம் உண்டு. இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அது தேவை. பெயர், ஊர், காயம், அதற்கு அடுத்து 'காரணம்'. நர்சம்மா பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'வெடிமருந்து' என்று எழுதினார். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, வாடை போன பிறகு முழங்கை வரை கட்டுப் போட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மிக்சர் பாட்டிலுக்குக் கார்க் அடைக்கப் போய்விட்டேன். நான் சுதந்திரத்துக்குப் பாடுபட்டது அவ்வளவுதான்.

அவர் எழுதியது சாதாரணப் பொய் இல்லை, அது யாரிடம் சொன்ன பொய் என்பதைச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். காலராவில் தாய் தகப்பன் செத்து, ஆறு வயதில் அநாதையாக நின்ற பெண்ணை எடுத்து வளர்த்து, படிக்கவைத்து, நர்ஸ் ஆக்கியவர் அவர்தான். நர்சம்மா அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார். தெருவில் போனால் 'வெள்ளைக்காரன் வேதக்காரி போறா' என்று பையன்கள் கத்துவார்கள். ஆஸ்பத்திரிக்குள் வந்தால், ஊர்க்காரர்கள் பக்கம் சாய்ந்துவிடுவாளோ என்று மிஷன்காரர்கள் ஒரு கண் வைத்திருப்பார்கள். இந்த இரண்டு பக்க இடியில் மாட்டிக்கொண்டவர் அவர்.

மத்தியானம் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்தான். பதிவேட்டைப் பார்த்தான். கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னான். பிரித்தால் முடிந்தது கதை. டாக்டரம்மாவுக்கு ஒரு பார்வை போதும். டாக்டரம்மா நர்சம்மாவைப் பார்த்து, "நீ எழுதினது உண்மைதானே?" என்று கேட்டார். நர்சம்மா, "உண்மைதான் அம்மா" என்றார். இன்ஸ்பெக்டர் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்லச் சொன்னான். டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. என் பிள்ளை பொய் சொல்லமாட்டாள், புத்தகம் தேவையில்லை, கட்டைப் பிரித்தால் புண் சீழ் வைக்கும் என்று சொல்லி அவனை வெளியே அனுப்பிவிட்டார். அதன்பிறகு இருபது நாள் டாக்டரம்மா கண்ணில் படாமல் நர்சம்மாவே அந்தக் கட்டை மாற்றினார்.

அந்த மாதத் திருவிருந்திலிருந்துதான் நர்சம்மா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா காரணம் கேட்டும் சொல்லவில்லை. சில வருஷத்தில் டாக்டரம்மா தன் ஊருக்குப் போய் அங்கேயே இறந்தும் போனார். வளர்த்தவளிடம் பொய் சொன்ன குற்றம் மனசை அரிக்கிறது, அதனால்தான் போகமாட்டேன் என்கிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஐம்பதுகளின் கடைசி. கை வெந்த அந்தப் பையன் இப்போது பெரிய வெடியாபீஸ் முதலாளி. வடக்கே எல்லா ஊருக்கும் லோடு போகும். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பெண்கள் வார்டு கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அதற்குள் நர்சம்மா தலைமை நர்ஸ் ஆகியிருந்தார். அவருக்குத் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு சேலை வந்துவிடும். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆயாவுக்குக் கொடுத்துவிடுவார்.

தீபாவளிக்கு இன்னும் ஒன்றரை மாதம். சீசன் உச்சத்தில் இருந்தது. தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். வலது கை விரல் நுனியிலிருந்து தோள் வரை வெந்திருந்தது. எப்படிப் பட்டது என்று கேட்டால், "அடுப்பு, அம்மா" என்றாள். புருஷனும் அடுப்பு என்றான். கூட வந்த நாலு பெண்களும் அடுப்பு என்றார்கள். கையைப் பார்த்தால் நெடுகக் கருப்புப் புள்ளி.

விஷயம் எங்களுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. ஆர்டர் தாங்காமல் அதே முதலாளி ஊருக்குள் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, பெண்களை உட்காரவைத்து வெடிக்குள் மருந்து செலுத்த விட்டிருக்கிறார். வீட்டில் மருந்து கையாளக்கூடாது என்பது சட்டம். வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும். அடுப்புத் தீ என்றால் வீட்டில் நடந்தது வீட்டோடு போகும், அந்தப் பெண்ணுக்கு நஷ்டஈடு என்று ஒரு தம்பிடி தேறாது. விபத்து நடந்த செய்தி எப்படியோ கசிந்து, மூன்றாம் நாள் தாசில்தார் விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஆக, எல்லாம் நர்சம்மா அந்தக் கட்டத்தில் என்ன எழுதப்போகிறார் என்பதில் வந்து நின்றது.

அவர் எழுதவில்லை. பெயர், ஊர், காயம் வரை எழுதிவிட்டு, காரணத்தைக் காலியாக விட்டுவிட்டார். அப்படி ஒரு காலிக் கட்டத்தை நான் அந்தப் பதிவேட்டில் பார்த்ததே இல்லை.

முதலாளி அன்று சாயங்காலமே வந்தார். மருந்து கொடுக்கிற அறையில் நான் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை. எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லையே.

"அக்கா, லைசென்ஸ் போச்சுன்னா நான் மட்டுமா போவேன்? சுத்துப்பட்டி அம்புட்டுச் சனமும் தீபாவளிக்குக் கஞ்சிக்கு இல்லாம நிக்கும். அந்தப் புள்ளைக்கு வேண்டியதை நான் பாத்துக்கிடுதேன்."

நர்சம்மா துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு எனக்காக ஒரு வார்த்தை எழுதுனீக. அதே கட்டத்துல இன்னொரு வார்த்தை எழுதுங்க. அன்னைக்கு வெள்ளைக்காரனுக்கே பயப்படலை நீங்க."

"அன்னைக்கு நீங்க சவுக்கடிக்குப் பயந்து வந்தீக, தம்பி. இன்னைக்கு எதுக்குப் பயந்து வந்திருக்கீக?" என்றார் நர்சம்மா. அவர் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் எல்லோரும் வரிசை கட்டினார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்த்த போதகர், வார்டு கட்டிக் கொடுத்த மனுஷரைச் சங்கடப்படுத்தலாமா என்று ஜெபத்தோடு ஆரம்பித்து ஜெபத்தோடு முடித்தார். தாயில்பட்டிப் பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் வாசலில் வந்து உட்கார்ந்து, "அடுப்புன்னே போட்டிருங்க நர்சம்மா, எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுறாதீக" என்று அழுதார்கள். கடைசியாக, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் போனேன். காயம்பட்டவளே அடுப்பு என்று சொல்லும்போது உங்களுக்கு என்ன வந்தது என்று கோபமாகவே கேட்டேன்.

"நீங்க சொல்றது சரிதான், கம்பவுண்டரய்யா. அவ சொன்னதைத்தான் எழுதணும்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அன்று மத்தியானம் அந்தப் பெண்ணுக்குக் கட்டு மாற்றும்போது நான் மருந்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்சம்மா ஊசி முனையால் ஒவ்வொரு புள்ளியாக எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்தக் கறுப்பு அம்புட்டும் போயிருமாம்மா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் போகும். மிச்சம் கிடக்கும்."

சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, யாரிடமோ சொல்கிற மாதிரி, "அங்கன இன்னைக்கும் வேலை நடக்குதாம்மா. நான் உக்காந்த இடத்துல என் நாத்துனா உக்காந்திருக்கா. அவளுக்கு மாசம் ஏழு" என்றாள்.

நர்சம்மாவின் கை நின்றுவிட்டது. ஊசியைத் தட்டில் வைத்தார். எழுந்து போய்ப் பதிவேட்டைத் திறந்து, காலிக் கட்டத்தில் 'வெடிமருந்து' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். பிறகு என்னிடம் யுத்த காலத்துப் பதிவேடு எங்கே என்று கேட்டார்.

எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது. "அதெல்லாம் கரையான் தின்னுருச்சு நர்சம்மா" என்றேன். அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். எத்தனை நேரம் அப்படி நின்றாரோ, சாவியைக் கொடுத்துவிட்டேன்.

தாசில்தார் வந்தார். முதலாளி, போதகர், அந்தப் பெண்ணின் புருஷன், நர்சம்மா, நான் எல்லோரும் பெண்கள் வார்டில் அவள் கட்டிலைச் சுற்றி நின்றோம். தாசில்தார் ஒவ்வொருவராகக் கேட்டார். அடுப்பு, அடுப்பு, அடுப்பு. அந்தப் பெண் மட்டும் வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாசில்தார் பதிவேட்டைப் புரட்டிவிட்டு நர்சம்மாவைப் பார்த்தார்.

"எல்லாரும் ஒன்று சொல்கிறார்கள், நீங்கள் மட்டும் வேறு எழுதியிருக்கிறீர்கள். எதை வைத்து நம்புவது?"

"என் எழுத்தை நம்ப வேண்டாங்கய்யா" என்றார் நர்சம்மா. சேலை மடிப்புக்குள் வைத்திருந்த பழைய பதிவேட்டை எடுத்து, பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். "இதுவும் என் எழுத்துதான். இதே வார்த்தைதான். இது பொய். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் முன்னால, என்னை வளத்தவங்ககிட்ட, உண்மைன்னு சொன்னேன். இதுல எழுதியிருக்கிற கை மண்ணெண்ணெயில வெந்த கை."

போதகர் அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பதினாறு வருஷம் காப்பாற்றியதை இந்த அம்மாள் இப்படிப் பட்டப்பகலில் எடுத்து நீட்டுகிறாரே என்று பிரமித்து நின்றேன்.

"எழுத்து பொய் சொல்லும், தோல் சொல்லாது. ரெண்டு கையையும் சேத்து வச்சுப் பாருங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண்ணின் கைக்கட்டைப் பிரித்துவிட்டு அவர் முதலாளி பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. இருபது நாள் கட்டு மாற்றினபோது எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படித்தான் சொன்னார்.

"தம்பி, சட்டையை மடிச்சு விடுங்க."

அவர் மடித்து விடவேண்டிய அவசியமே இல்லை. என்ன உளறுகிறாய் என்று கேட்டுவிட்டு வெளியே போயிருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்? தாசில்தார் அவரைவிட வயதில் சின்னவர், அவர் வீட்டு விருந்தில் சாப்பிட்டவர். அந்த மனுஷர் நர்சம்மா முகத்தைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். மெதுவாக, ஒவ்வொரு மடிப்பாக, முழங்கை வரை ஏற்றினார். கட்டிலருகே வந்து, அந்தப் பெண்ணின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார்.

ஒன்று மினுமினுவென்று வெளுத்த கை, ஒரு புள்ளி இல்லை. இன்னொன்றில் தோள் வரை புள்ளி. படிக்காதவனுக்கும் புரியும். அந்தப் பெண் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம்தான் முதல்தடவையாக வாயைத் திறந்து, "மருந்துதான்யா" என்றாள்.

அன்றைக்கு நான் நின்ற இடத்தில் கோயில் கர்ப்பக்கிருகம் இருந்திருந்தாலும் அவ்வளவு பயபக்தி எனக்கு வந்திருக்காது. நர்சம்மாவைப் பார்த்து வந்தது என்பது சரி. சட்டையை மடித்த அந்த மனுஷரைப் பார்த்தும் வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நானும் பதிவேட்டில் பொய் எழுதினவன் ஆவேன்.

அன்று சாயங்காலமே அந்த வீட்டைப் பூட்டி சீல் வைத்தார்கள். உள்ளே இருந்த பெண்களை எழுப்பி அனுப்பிய பிறகுதான் பூட்டினார்கள். லைசென்சை நிறுத்தி வைத்ததால் அந்த சீசன் முதலாளிக்குப் போயிற்று. ஊர்ப் பெண்கள் அந்தத் தீபாவளிக்கு நர்சம்மாவைத் தெருவில் கண்டால் துப்பினார்கள். நஷ்டஈடு வந்ததும், ஏழு மாதக்காரி பிள்ளை பெற எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்ததும் பிறகு நடந்தது. முதலாளி வெகு நாள் எங்கள் பக்கம் வரவில்லை. தீபாவளிச் சேலையும் நின்றது. ஆயாவுக்கு அதில் ரொம்ப வருத்தம்.

நர்சம்மாவைத் தலைமை நர்ஸ் பதவியிலிருந்து இறக்கினார்கள். பதிவேட்டில் பொய் எழுதியதாக அரசாங்க அதிகாரி முன்னால் அவரே ஒப்புக்கொண்டாரே, விட்டுவைக்க முடியுமா? அவரைவிடப் பதினைந்து வயது குறைந்த பெண்ணின் கீழ் கட்டுப் போடுகிற அறையில் வேலை செய்தார். போதகர் நல்லவர்தான். எல்லாவற்றையும் வெளிச்சத்தில் சொல்லிவிட்டீர்கள், இனி உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, வருகிற ஞாயிறு திருவிருந்துக்கு வாருங்கள் என்று அவரே தேடிவந்து கூப்பிட்டார். சபை முழுக்க அந்த ஞாயிறைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. நானும்தான். பின்சுவரில் சாயாமல் நேராக நின்றேன்.

வரிசை எழுந்தது. பக்கத்திலிருந்த பெண்கள் அவருக்கு வழிவிட்டு நின்றார்கள். அவர் முழங்காலை ஒதுக்கி அவர்களைப் போகச் சொல்லிவிட்டு, பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் அவரை மறித்து, "என்ன நர்சம்மா, அதான் ஊரறியச் சொல்லியாச்சே. பொய் சொன்ன பாவம் தீந்துச்சுல்ல? இன்னும் என்ன வீம்பு?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் இந்த ஆளுக்கு இது தெரியவில்லையா என்கிற பார்வை.

"பொய் சொன்னேன்னு சொன்னேன், கம்பவுண்டரய்யா. வருத்தப்படுறேன்னு சொல்லலையே" என்றார். "அங்கன முழங்கால் போடணும்னா செஞ்சதுக்கு மனசு வருந்தணும், இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லணும். அம்மா முகத்தைப் பாத்துச் சொன்னதுக்கு இன்னைக்கும் அழறேன். ஆனா அந்தப் பையன் மறுபடி வாழையிலையோட வந்து நின்னா, நான் அதையேதான் எழுதுவேன். அதை மனசுல வச்சுக்கிட்டு எப்படிப் போயி வாங்குறது?"

குடையை விரித்துக்கொண்டு கட்டுப் போடுகிற அறைக்கு நடந்தார். வெந்த கை ஒன்று அங்கே காத்திருந்தது.